இல்லத்துக் கலக்கமும் உடற்பிணியும்

பிணிக்குக் காரணம் கிருமி, உணவு என்று கூறி நாம் நின்றுவிடுகின்றோம். வீட்டுச் சச்சரவை அவற்றோடு வைத்து எண்ணுவதில்லை. அமெரிக்காவில் சான் டியேகோ நகரில் 9,508 பேர் தம் இளமைப் பருவத்தைப் பற்றி அளித்த விடைகளை ஆராய்ந்து, பெலிட்டி, ஆண்டா முதலிய மருத்துவர்கள் 1998-இல் முடிவினை வெளியிட்டனர். அடி, வசை, தாய் துன்புறுத்தப்படுதல், இல்லத்தாரின் குடிப்பழக்கம் முதலிய ஏழுவகை இடர்களுள் நான்கோ அதற்கு மேலோ கண்டு வளர்ந்தோரிடம், எதனையும் காணாதோரைவிட, குடிக்கு அடிமையாதலும் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் 4 முதல் 12 மடங்கு வரை மிகுந்திருந்தன. இருதய நோயும் மிகுதியே. இவர்கள் பெரும்பாலும் மருத்துவக் காப்பீடு பெற்ற நடுத்தர வகுப்பினர். ஆதலின் இது குடிசைக்கே உரிய துயரமென்று தள்ள இயலாது.

அச்சம் நேர்ந்தால் கார்டிசால் என்னும் சுரப்பு பெருகி உடலைக் காக்கும். நாள்தோறும் அஞ்சும் குழந்தைக்கோ அதன் ஒழுங்கே குலையும், உறக்கம் கெடும், பாடத்தில் மனம் பதியாது. வகுப்பில் கண்ணயரும் சிறுவனை மந்தன் என்று வையாமல், இரவு வீட்டில் உறங்கினாயா என்று கேட்கும் ஆசிரியர் நம்மிடையே மிகச் சிலரே.