வண்டி திணறுகிறதா? என்ஜினைப் பிரிக்கும் முன் இவற்றைப் பாருங்கள்



நம் மஹல்லாவில் பழைய 100 சிசி பைக்கை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. துணி மூட்டையும் மீன் கூடையும் அதில்தான் போகின்றன. வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும்.

சென்ற மழைக்காலத்தில், ஊர் ஊராகத் துணி விற்கும் சகோதரர் ஒருவரின் வண்டி திணறித் திணறி நின்றது. ரீபோர் செய்து பிஸ்டன் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கையில் பணமில்லை. வட்டிக்கு வாங்கலாமா என்று யோசிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். கடைசியில் பார்த்தால், டேங்க் மூடியின் ரப்பர் கிழிந்து பெட்ரோலில் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. தண்ணீரை வடித்து, ரப்பரை மாற்றியதும் வண்டி ஓடியது, அல்ஹம்துலில்லாஹ்.

அதனால், செலவில்லாததை முதலில் பார்ப்போம். கீழே சொல்வது கார்புரேட்டர் வண்டிகளுக்கு. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் பெரும்பாலும் ஃபியூவல் இன்ஜெக்ஷன் என்பதால் அவற்றுக்கு இது முழுதும் பொருந்தாது.

முதலில் பாதுகாப்பு: என்ஜின் ஆறிய பிறகு, திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். பக்கத்தில் அடுப்போ பீடி, சிகரெட்டோ கூடாது. பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மூடிய அறையில் என்ஜினை ஓடவிடாதீர்கள். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

1. சோக்: காலையில் இழுத்த சோக்கைத் திரும்பத் தள்ளினோமா? மறந்திருந்தால் வண்டி கரும்புகை விட்டுத் திணறும்.

2. டேங்க் மூடி: சில கிலோமீட்டர் ஓடி நின்று, சற்று நேரம் கழித்து மறுபடி ஓடுகிறதா? நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு வண்டி சரியானால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சுத்தம் செய்தால் போதும்.

3. பெட்ரோலில் தண்ணீர்: கார்புரேட்டரின் அடியிலுள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். சற்று நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் அது தண்ணீர். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆகவே மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இதைக் கட்டாயம் பாருங்கள். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

4. ஏர் ஃபில்டர்: பேப்பர் ஃபில்டர் என்றால் தூசியைத் தட்டுங்கள், மிகவும் கறுத்திருந்தால் மாற்றுங்கள். ஸ்பாஞ்ச் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, சில சொட்டு என்ஜின் ஆயில் தடவிப் பிழிந்து மாட்டுங்கள்.

5. பிளக்: இதன் நிறமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். இளம் பழுப்பு நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. ஜெட் அடைப்போ, கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே காற்றுக் கசிவோ இருக்கலாம். ஆயில் நனைந்திருந்தால் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. வரை, உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பிளக்கை முதலில் கையால் திருகுங்கள், பிறகே ஸ்பேனர். மரை கெட்டால் ஹெட்டுக்கே செலவு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பாருங்கள். நாலையும் ஒன்றாக மாற்றினால் கோளாறு எதுவென்றே தெரியாது. ஏர் ஸ்க்ரூவைத் தொடும் முன், எத்தனை சுற்றில் இருக்கிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்.

நீலப்புகை, ஆயில் குறைவது, என்ஜினுக்குள் தட்டும் சத்தம்: இவை இருந்தால் நம்பிக்கையான மெக்கானிக்கிடம் போய்விடுங்கள். நீங்கள் பார்த்ததை அவரிடம் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்; அது சந்தேகப்படுவதல்ல, கொடுக்கல் வாங்கலில் தெளிவு.

பெரிய செலவுதான் என்று உறுதியானாலும் வட்டிக்குப் போக வேண்டாம். அதற்கு முன் நம் அறக்கட்டளையில் ஒரு வார்த்தை பேசுங்கள்.

நம் உழைப்பிலும் வாகனத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.