நரியைக் காப்பாற்ற நரியை மட்டும் பார்த்தால் போதாது

இந்த மாதப் பாடம் ஒரு குட்டி நரியைப் பற்றியது. "நரிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க.

நான் பொறியியல் படிக்கிற மாணவன். ஒரு இயந்திரம் பழுதானால் உடைந்த பாகத்தை மாற்றுவதோடு வேலை முடியாது. அது ஏன் உடைந்தது என்று தேடணும். எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தரும் பாடம் இது. இதற்கு நான் பார்த்ததிலேயே நல்ல உதாரணம் இயந்திரம் அல்ல, இந்த நரிதான்.

அமெரிக்காவின் கலிபோர்னியா கரைக்கு அப்பால் சேனல் தீவுகள் இருக்கின்றன. அவற்றில் ஆறு தீவுகளில் வாழ்வது தீவு நரி. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. எடை ஏறக்குறைய 2 கிலோ. வீட்டுப் பூனையைவிடச் சின்னது. பெரிய எதிரி இல்லாமலே வளர்ந்த இனம் என்பதால் பகலிலும் பயமில்லாமல் நடமாடும்.

1990-களில் வடக்கே உள்ள மூன்று தீவுகளில் நரிகள் மளமளவென்று குறைந்தன. சான் மிகேல் தீவில் சுமார் 450 நரிகள் இருந்தன. 2000-ஆம் ஆண்டுவாக்கில் மிஞ்சியது 15. சாண்டா ரோசாவில் 1,700-க்கும் மேல் இருந்தவை அங்கேயும் 15 ஆயின. சாண்டா குரூஸில் சுமார் 1,450 நரிகள், 55 அளவுக்கு இறங்கின.

நரிகளைக் கொன்றது யார்? பொன்னிறக் கழுகு. அப்படின்னா கழுகைப் பிடித்தால் போதுமா? இங்கேதான் 'ஏன்?' என்று கேட்கணும்.

ஏன் அந்தக் கழுகு தீவுக்கு வந்தது? பண்ணைக்காரர்கள் கொண்டுவந்த பன்றிகள் சாண்டா குரூஸில் காட்டுப் பன்றிகளாகப் பெருகியிருந்தன. வருஷம் முழுக்கக் குட்டிகள், வருஷம் முழுக்கச் சாப்பாடு. நரி அதோடு சேர்ந்து கிடைத்த இரை.

சரி, முன்பு ஏன் பொன்னிறக் கழுகு அங்கே தங்கவில்லை? தீவுகளில் வெண்தலைக் கழுகுகள் இருந்தன. அவை பெரும்பாலும் மீன் தின்பவை, தங்கள் எல்லைக்குள் வேறு கழுகை விடாதவை. அவை எங்கே போயின? லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருந்த ஒரு தொழிற்சாலையின் டிடிடி பூச்சிமருந்துக் கழிவு பல வருஷம் கடலில் கலந்தது. அது மீனுக்குள் போய், மீன் வழியாகக் கழுகுக்குள் போனது. முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்தது. 1960-களுக்குள் அந்தக் கழுகுகள் தீவுகளிலிருந்து மறைந்துவிட்டன.

பார்த்தீங்களா? கழிவைக் கடலில் விட்டவர்கள் நரியை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதனால் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. மிஞ்சிய நரிகளைக் கூண்டில் பாதுகாத்துக் குட்டி போட வைத்தார்கள். பொன்னிறக் கழுகுகளை உயிரோடு பிடித்து, தொலைவில் கொண்டுபோய் விட்டார்கள். 2002 முதல் வெண்தலைக் கழுகுக் குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்த்தார்கள். சாண்டா குரூஸில் 5,000-க்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். இந்தக் கடைசி விஷயம் மனதை உறுத்துகிறது. அதை மறைத்துச் சொன்னால் பாடம் முழுமையாகாது. பன்றிகள் தாமாகத் தீவுக்கு வரவில்லையே!

2004-ல் அழியும் நிலையில் உள்ளவை என்று பட்டியலில் சேர்க்கப்பட்ட இந்த மூன்று தீவு நரிகளும் 2016-ல் அதிலிருந்து நீக்கப்பட்டன. அமெரிக்கச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட பாலூட்டிகளில் அதுவரை எதுவும் இவ்வளவு சீக்கிரம் மீண்டதில்லை.

நான் எடுத்துக்கொண்டது இதுதான்: கண்ணுக்குத் தெரியும் எதிரி பெரும்பாலும் கடைசிக் கண்ணிதான். முதல் கண்ணி எங்கோ, எப்போதோ, யாரோ அலட்சியமாகச் செய்தது.

குழுவில் பேச இரண்டு கேள்விகள்:

1. ஓர் இனத்தைக் காக்க இன்னோர் இனத்தைக் கொல்வது சரியா? பன்றிகளைக் கொல்லாமல் வேறு வழி இருந்திருக்குமா?

2. நம்ம வட்டாரத்து ஆற்றிலோ கால்வாயிலோ இன்று கலக்கும் கழிவு, இன்னும் முப்பது வருஷத்தில் எந்த உயிரைப் போய்ச் சேரும்? ஒரு சங்கிலி வரைந்து பாருங்க.