சிகிச்சையில் குறை நேர்ந்ததாகக் கருதினால் என்ன செய்யலாம்?

நோயாளியும் குடும்பத்தாரும் மருத்துவரை நம்பியே சிகிச்சைக்கு உடன்படுகின்றனர். அச்சிகிச்சை எதிர்பாராத இழப்பில் முடியும்போது, துயரத்தோடு ஒரு கேள்வியும் எழுகிறது: இது நோயின் போக்கால் நேர்ந்ததா, அல்லது மருத்துவரின் கவனக்குறைவால் நேர்ந்ததா? இக்கேள்விக்கு விடை காணச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அவ்வழியில் ஆவணங்களும் காலவரம்பும் இன்றியமையாதவை. அவற்றைத் தவறவிட்டால் நியாயமான வழக்கும் கைநழுவிப் போகும். முட்டத்திலும் சுற்றியுள்ள கடற்கரை ஊர்களிலும் வாழும் குடும்பங்கள் இவ்வழியை முன்கூட்டியே அறிந்திருப்பது நலம் என்பதால் இப்பாடத்தை எழுதுகிறோம். மருத்துவர்களாகிய நாங்களே இதை விளக்குவதில் முரண் ஏதுமில்லை. கேள்வி கேட்கவும் விடை பெறவும் நோயாளிக்குள்ள உரிமை, சிகிச்சையின் ஒரு பகுதியே.

எது கவனக்குறைவு?

சிகிச்சை பலனளிக்கவில்லை என்பது மட்டுமே கவனக்குறைவு ஆகாது. அத்துறையில் சராசரித் திறமையுள்ள ஒரு மருத்துவர் அதே சூழ்நிலையில் காட்டியிருக்கக்கூடிய கவனத்தை இம்மருத்துவர் காட்டினாரா என்பதையே நீதிமன்றம் பார்க்கிறது. உச்ச நீதிமன்றம் 2005ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ வழக்கில் இந்த அளவுகோலை விரிவாக விளக்கியது. ஏற்கத்தக்க இரண்டு சிகிச்சை முறைகளில் ஒன்றை மருத்துவர் தேர்ந்தெடுத்து, அது பலிக்காமற்போனால் அது கவனக்குறைவு அன்று.

நீரிழிவு உள்ளவருக்கு அறுவை சிகிச்சைக்குப்பின் புண் ஆறத் தாமதமாகலாம். உரிய கவனம் எடுத்தும் இவ்வாறு நேர்ந்தால் அது அறியப்பட்ட பக்கவிளைவு. ஆனால் வயிற்றுக்குள் துணியை விட்டுவிட்டுத் தைத்துவிடுவது அப்படியன்று. மகாராஷ்டிர மாநிலம் ஔரங்காபாத்தின் அரசு மருத்துவமனையில் 1963இல் நடந்த ஒரு கருத்தடை அறுவையில் இவ்வாறு நேர்ந்து, அப்பெண் உயிரிழந்தார். அதற்கு அரசே பொறுப்பேற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது.

நோயாளியின் சம்மதமும் இத்தகைய ஓர் அடிப்படைக் கடமை. தில்லியில் ஒரு பெண் பரிசோதனைக்கான லேப்ராஸ்கோப்பிக்கு மட்டும் சம்மதித்திருந்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் ஒப்புதல் பெற்றுக் கருப்பையை அகற்றிவிட்டனர். நோயாளி சுயநினைவுக்குத் திரும்பித் தாமே முடிவெடுக்கக்கூடிய நிலையில், உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லாதபோது, வேறொருவரின் ஒப்புதல் போதாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

எழும்பூர் வழக்கு கற்பிப்பது

தமிழ்நாட்டில் யாவரும் அறிய வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 1996 ஆகஸ்ட் மாதம், 29 வார வளர்ச்சியில், 1,250 கிராம் எடையுடன் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இன்குபேட்டரில் வைத்துக் காக்கப்பட்ட அக்குழந்தை ஏறத்தாழ 25 நாள்களில் வீடு திரும்பியது.

இவ்வளவு முன்னதாகப் பிறக்கும் குழந்தைகளின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முறைமாறி வளர வாய்ப்புண்டு. பிறந்த சில வாரங்களுக்குள் கண் மருத்துவர் பரிசோதித்துக் கண்டறிந்தால் பார்வையைக் காக்க இயலும். அக்காலம் கடந்துவிட்டால் விழித்திரை பிரிந்து பார்வை நிரந்தரமாக இழக்கப்படும். இக்குழந்தைக்கு அப்பரிசோதனை செய்யப்படவில்லை, செய்துகொள்ளுமாறு அறிவுறுத்தப்படவுமில்லை. குழந்தைக்கு நாலரை மாதம் ஆனபின்னரே பெற்றோர் உண்மையை அறிந்தனர். அப்போது காலம் கடந்துவிட்டது.

தந்தை வழக்குத் தொடுத்தார். 2009இல் தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. அது போதாது என்று அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 2015 ஜூலை 1ஆம் நாள், ஏற்கெனவே ஆன செலவுக்கும் எதிர்காலச் சிகிச்சைக்குமாகச் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் குழந்தை பிறந்து ஏறத்தாழ 19 ஆண்டுகள் கடந்திருந்தன.

இவ்வழக்கு மூன்று பாடங்களைத் தருகிறது. செய்யாமல் விட்ட பரிசோதனையும், சொல்லாமல் விட்ட அறிவுரையும் கவனக்குறைவில் அடங்கும். மருத்துவமனையை விட்டு வெளியேறும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன எழுதப்பட்டது, என்ன எழுதப்படவில்லை என்பது வழக்கின் போக்கையே தீர்மானிக்கக்கூடும். மூன்றாவது பாடம், நீதி கிடைக்க நெடுங்காலம் ஆகலாம் என்பது. வழக்கில் இறங்கும் குடும்பம் அதற்கும் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும்.

முதலில் ஆவணங்கள்

1. சிகிச்சைப் பதிவேடுகளின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, நோயாளியோ அவரால் அதிகாரமளிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளிப் பதிவுகளை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பதும் அவ்விதி.

2. கேஸ் ஷீட், செவிலியர் குறிப்புகள், மருந்துப் பட்டியல், சம்மதப் படிவம், லேப் ரிப்போர்ட், ஸ்கேன் படங்கள், ரசீதுகள் ஆகிய அனைத்தையும் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள்.

3. நடந்தவற்றை நினைவு மங்குவதற்கு முன்பே எழுதி வையுங்கள். எந்த நாள், எந்த நேரம், யார் என்ன கூறினார் என்பன போதும், குற்றச்சாட்டு வேண்டாம்.

4. மரணம் நேர்ந்து, அதன் காரணத்தில் ஐயம் இருந்தால், அடக்கத்துக்கு முன்பே காவல் நிலையத்தில் முறையிட்டுப் பிரேதப் பரிசோதனை கோருங்கள். துயரத்தின் நடுவே இம்முடிவை எடுப்பது எளிதன்று என்பதை அறிவோம். ஆயினும் அடக்கம் முடிந்தபின் மரணக் காரணத்தை நிறுவுவது மிகக் கடினம்.

5. அதே துறையைச் சேர்ந்த, அச்சிகிச்சையில் தொடர்பில்லாத வேறொரு மருத்துவரிடம் ஆவணங்களைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள். கவனக்குறைவு ஏதுமில்லை என்று தெரிய வருவதும் குடும்பத்துக்கு ஓர் அமைதியே.

எங்கே முறையிடுவது?

கட்டணம் பெற்று அளிக்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995 நவம்பரில் வி. பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. சிலரிடம் கட்டணம் பெற்று, சிலருக்கு இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனையில் இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் முறையிடலாம். அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகவே சிகிச்சை தரும் இடங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. அங்கு உரிமையியல் நீதிமன்றத்தையோ, அரசு மருத்துவமனையாயின் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையையோ அணுகலாம்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம் மாவட்டத்தாருக்கு ஒரு பெரிய வசதியைத் தருகிறது. முறையிடுபவர் தாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெற்ற முட்டத்துக்காரர் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிட இயலும். மருத்துவமனைக்குச் செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். அத்தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதாடவும் அனுமதி உண்டு. நோயாளி இறந்துவிட்டால் அவருடைய சட்டப்படியான வாரிசும், சிறாராயின் பெற்றோரும் முறையிடலாம்.

சட்ட உதவிக்கு நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உள்ளது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தோர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி கிடைக்கும். கணவர் ஆழ்கடல் தொழிலுக்குச் சென்றிருக்கும் வேளையில் தனியே இப்பொறுப்பைச் சுமக்கும் பெண்கள் இதை அறிந்திருக்க வேண்டும். 15100 என்ற எண்ணில் சட்ட உதவியும், 1915 என்ற எண்ணில் நுகர்வோர் ஆலோசனையும் பெறலாம்.

இழப்பீடு வேண்டாம், மருத்துவரின் நடத்தையை விசாரித்தால் போதும் என்று கருதுவோர் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். அக்கவுன்சில் மருத்துவரை எச்சரிக்கலாம். பதிவேட்டிலிருந்து அவர் பெயரை நீக்கவும் செய்யலாம். இழப்பீடு வழங்க அதற்கு அதிகாரமில்லை.

இரண்டு ஆண்டுகள்

நுகர்வோர் ஆணையத்தில் முறையிட, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளே அவகாசம். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம். ஆனால் அது உறுதியன்று. மும்பையில் 1993இல் பித்தப்பை அறுவை செய்துகொண்ட ஒரு செவிலியருக்கு ஆண்டுக்கணக்கில் வயிற்றுவலி இருந்தது. 2002இல் மறு அறுவையின்போது உள்ளே துணி இருந்தது தெரிந்தது. 2004இல் அவர் முறையிட்டார். இத்தனை ஆண்டு வலி இருந்தும் அறுவை செய்த மருத்துவரை அணுகாமல் இருந்ததைச் சுட்டிக்காட்டி, வழக்குக் காலம் கடந்தது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வலி நீடித்தால் சிகிச்சை அளித்தவரிடமே மீண்டும் சென்று காட்டி, அதைப் பதிவு செய்துகொள்வது உடல்நலத்துக்கும் நல்லது, உரிமைக்கும் நல்லது.

காவல்துறைப் புகார்

குற்றவியல் வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது. மிகக் கடுமையான கவனக்குறைவு இருக்க வேண்டும். நடவடிக்கை எடுக்கும் முன் சார்பற்ற மருத்துவர் ஒருவரின் கருத்தைக் காவல்துறை பெற வேண்டும் என்றும் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு கூறுகிறது. ஆதலால் மருத்துவரைச் சிறைக்கு அனுப்புவதையே முதல் இலக்காகக் கொள்ளும் குடும்பங்கள் பெரும்பாலும் ஏமாற்றமடைகின்றன. சினத்தில் மருத்துவமனைப் பொருள்களைச் சேதப்படுத்துவது தமிழ்நாட்டின் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அது முறையிட வந்தவரையே குற்றவாளியாக்கிவிடும்.

வழக்குக்குச் செல்லும் முன் சிகிச்சை அளித்த மருத்துவரிடமும் மருத்துவமனை நிர்வாகத்திடமும் நேரில் விளக்கம் கேளுங்கள். என்ன நேர்ந்தது, ஏன் நேர்ந்தது என்று அறிவது உங்கள் உரிமை. தெளிவான விளக்கம் கிடைத்தால் பல ஐயங்கள் அங்கேயே தீரும். விளக்கம் கிடைக்காவிடில், அல்லது கிடைத்த விளக்கம் ஆவணங்களோடு பொருந்தாவிடில், மேலே கூறிய வழிகள் திறந்தே உள்ளன. எங்களிடம் சிகிச்சை பெறுவோருக்கும் இவை அனைத்தும் பொருந்தும். வீடு திரும்பும் நாளில் டிஸ்சார்ஜ் சம்மரியை எங்கள் முன்னிலையிலேயே படித்துப் பாருங்கள். புரியாத சொல்லையும், மறுமுறை வர வேண்டிய தேதியையும், செய்ய வேண்டிய பரிசோதனைகளையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே புறப்படுங்கள்.