கழுத்துச் சிரையில் ஊசி ஏற்றுமுன்

இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி பயிற்சிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு:

1. ரத்த வாந்தியோடு வரும் சிரோசிஸ் நோயாளிக்கு முதலில் மூச்சுப்பாதையைக் காத்து, டெர்லிப்ரெசினும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்து, எண்டோஸ்கோபி செய்யட்டும். ஹீமோகுளோபின் 7–8 கிராம் இருந்தால் போதும். அதற்கு மேல் ரத்தம் ஏற்றினால் போர்ட்டல் அழுத்தம் கூடி, நின்ற கசிவு மறுபடி தொடங்கும். ஐ.என்.ஆர். எண்ணுக்குப் பயந்து பிளாஸ்மா ஏற்றினாலும் இதேதான் நடக்கும்.

2. சைல்டு 'சி' பிரிவில் 10 முதல் 13 புள்ளிவரை உள்ளவருக்கு, எண்டோஸ்கோபியில் ரத்தம் நின்றுவிட்டதே என்று காத்திருக்காதீர்கள். 72 மணி நேரத்துக்குள் டிப்ஸ் (கழுத்துச் சிரை வழியே போய், கல்லீரலுக்குள் போர்ட்டல் சிரையைக் கல்லீரல் சிரையோடு ஸ்டென்ட்டால் இணைப்பது) செய்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது.

3. சி.டி.யை நீங்களே பாருங்கள். ரத்தம் இரைப்பையின் மேல்பகுதி வேரிசஸிலிருந்து என்றால், இடது சிறுநீரகச் சிரைக்கு இறங்கும் ஷன்ட் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் ஜப்பானியர் வளர்த்தெடுத்த பி.ஆர்.டி.ஓ. கைகொடுக்கும்: ஷன்ட்டைப் பலூனால் அடைத்து, வேரிசஸுக்குள் மருந்து செலுத்தி உறையவைப்பது. ஆனால் வடிகால் அடைபட்டதும் போர்ட்டல் அழுத்தம் ஏறும். உணவுக்குழாய் வேரிசஸ் பெருக்கலாம். பின்னால் எண்டோஸ்கோபி பார்க்க மறக்காதீர்கள்.

4. எக்கோ இல்லாமல் டிப்ஸ் வேண்டாம். குடல் ரத்தம் நேரே இதயத்துக்குப் பாயும். பலவீனமான இதயம் தாங்காது.

5. கல்லீரல் சிரையிலிருந்து திசுவைத் துளைத்து, ஊசியை மெல்லப் பின்னிழுக்கும்போது சிரிஞ்சில் ரத்தம் வரும். உடனே வயரை விடாதீர்கள். கொஞ்சம் கான்ட்ராஸ்ட் செலுத்திப் பாருங்கள். அது தமனியாக இருக்கலாம், கல்லீரல் சிரையாகவே இருக்கலாம். போர்ட்டல் சிரைதான் என்றாலும், குத்திய இடம் கல்லீரலுக்கு வெளியே இருந்தால் பலூனை விரித்ததும் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். இந்த ஒரு நிமிடத்தை யாரும் அவசரப்படுத்த விடாதீர்கள்.

6. 1988-இல் ஃப்ரைபுர்க்கில் மனிதருக்கு முதலில் வைத்த உறையில்லாத ஸ்டென்ட் எளிதில் அடைபடும். இன்றைய உறையிட்ட ஸ்டென்ட் நெடுநாள் திறந்திருக்கும். ஆனாலும் படம் அழகாக இருக்கிறதென்று முடித்துவிடாதீர்கள். அழுத்த வேறுபாட்டை அளந்து, 12 மி.மீ. பாதரசத்துக்குக் கீழ் வந்ததா என்று பாருங்கள்.

7. குடும்பத்தாருக்கு நேரம் ஒதுக்குங்கள். நாம் போட்ட பாதையால் அமோனியா கல்லீரலைத் தாண்டி மூளைக்குப் போகும். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, பேச்சுக் குழறல், நீட்டிய கை படபடப்பது எல்லாவற்றையும் மனைவியோ மகளோதான் முதலில் கவனிப்பார்கள். லாக்டுலோஸை எவ்வளவு கொடுத்தால் நாளுக்கு இரண்டு மூன்று முறை மலம் இளகிப் போகும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். இரவில் யாரைக் கூப்பிடுவது என்பதையும் எழுதிக் கொடுங்கள்.