குழந்தையின் அழுகையும் சித்திரத் தொடரும்

சிறுவர்க்கென்றே தோன்றிய கலைகள் உலகிற் சிலவே. அவற்றுள்ளும் இயங்கு சித்திரத்தைப் பெரியோர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பிள்ளைகள் உண்ணுங்கால் அவர்முன் வைத்தற்கும், அவர்தம் குறும்பினின்று சிறிது நேரம் விடுதலை பெறுதற்கும் உதவும் கருவி என்ற அளவிலேயே அதனை மதிப்பர். ஆயினும், இல்வாழ்க்கையையும் அதனுள் ஒரு குழந்தை நுகரும் பேருணர்ச்சிகளையும் பொருளாகக் கொண்ட சித்திரத் தொடர் ஒன்று, இக்காலத்திற் பல நாடுகளிலும் பெற்றோராலும் பிள்ளைகளாலும் ஒருங்கே பார்க்கப்பட்டு வருகின்றது. அதனை நம் இலக்கண நூலின் துணைகொண்டு ஆராய்ந்து, அடையாற்றங்கரையில் வாழும் நாம் அதனாற் கற்கத்தக்கது யாது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அத்தொடரின் பெயர் 'புளூயி' என்பது. ஆஸ்திரேலிய நாட்டுப் பிரிஸ்பேன் நகரில், ஜோ பிரம் என்பவராற் படைக்கப்பட்டு, லூடோ ஸ்டூடியோ என்னும் நிலையத்தாரால் ஆக்கப்பெற்று, 2018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் முதன்முதலாக வெளிவந்தது. ஒவ்வொரு கதையும் ஏறத்தாழ 7 நிமிட அளவினது. பாத்திரங்கள் யாவும் நாய்கள். எனினும் அவை மக்களைப் போலவே மனையறம் நடத்துகின்றன. தந்தையாகிய பாண்டிட் தொல்பொருள் ஆராய்ச்சியாளர். தாயாகிய சில்லி விமான நிலையத்திற் பாதுகாப்புப் பணி புரிபவர். மூத்த மகள் புளூயி, இளையவள் பிங்கோ. கொடியோன் ஒருவனை வீரன் வெல்லும் கதையன்று இது. கூடத்திலும் தோட்டத்திலும் பூங்காவிலும் நிகழும் விளையாட்டே இதன் கதை. அவ்விளையாட்டினூடே ஓர் உணர்ச்சி தோன்றுவதும், அது பெருகுவதும், பின் தெளிவதுமே இதன் உயிர்.

உணர்ச்சிகளை வகுத்துக் காண்பது தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறினார். அவை ஒவ்வொன்றும் தோன்றுதற்கு நந்நான்கு நிலைக்களன்களையும் வகுத்தார். அழுகை பிறக்கும் இடங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு. பெரியோர்க்கு வகுத்த இவ்விலக்கணம் சிறியோர்க்கும் பொருந்துமோ என ஐயுறுவார் உளர். பொருந்தும் என்பதை இத்தொடரின் கதைகளே காட்டும்.

முதலாவது, இளிவு. அஃதாவது தன் நிலை தாழ்ந்து எளியளாதல். 'மிதிவண்டி' என்னும் கதையிற் புளூயி வண்டியோட்ட முயன்று, இயலாமையால் மனம் வெறுத்துக் கீழே விடுகின்றாள். தந்தை அவளைக் கடிந்திலர். 'உன்னால் முடியும்' என்று பொய்யாக ஊக்கியதும் இலர். பூங்காவின் இருக்கையில் அவளைத் தம் அருகே அமர்த்திக்கொள்கின்றார். இருவரும் பிற குழந்தைகளை நோக்குகின்றனர். ஒருத்திக்கு நீர்க்குழாய் எட்டவில்லை. ஒருவன் கம்பியைப் பற்ற இயலாது தவிக்கின்றான். இன்னொருத்தி தோட்பையை அணியத் தெரியாது சுழல்கின்றாள். அவர்கள் ஒவ்வொருவரும் மீண்டும் மீண்டும் முயன்று தத்தம் வழியைக் கண்டுகொள்கின்றனர். இவற்றைக் கண்ட புளூயி எவரும் ஏவாமலே எழுந்து தன் வண்டியை நாடுகின்றாள்.

இரண்டாவது, இழவு. மற்றொரு கதையில் அடிபட்டுக் கிடந்த ஒரு சிறு கிளியைப் புளூயியும் தந்தையும் விலங்கு மருத்துவரிடம் கொண்டு செல்கின்றனர், அது இறந்துபடுகின்றது. வீடு திரும்பிய குழந்தை அந்நிகழ்ச்சியையே தாயோடும் தங்கையோடும் விளையாட்டாக நடிக்கத் தொடங்குகின்றாள். விளையாட்டிலேனும் பறவை பிழைக்கட்டும் என்று பெரியோர் மனம் விரும்பும். குழந்தையோ, நிகழ்ந்தது நிகழ்ந்தவாறே முடியவேண்டும் என்று கொள்கின்றாள். சாவு என்பது யாது என்று எவரும் அவளுக்கு உரை நிகழ்த்தவில்லை. தான் கண்டதைத் தன் கையாலே மறுபடியும் செய்து பார்த்து அவள் அதனை ஏற்றுக்கொள்கின்றாள். துயரத்தை மாற்றும் ஆற்றல் விளையாட்டிற்கு உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

மூன்றாவது, அசைவு. பண்டைய நிலை கெட்டு வேறொருவாறாகி வருந்துதலே அசைவு என்று பேராசிரியர் உரை கூறினார். 2024-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் வெளிவந்த 28 நிமிட அளவினதாகிய நெடுங்கதை முழுதும் இதுவே பொருள். தந்தைக்கு வேற்றூரில் வேலை கிடைத்தமையால் வீடு விற்பனைக்கு வருகின்றது. வாயிலில் அறிவிப்புப் பலகை நடப்படுகின்றது. தான் பிறந்து விளையாடிய மனையை விட்டு நீங்குதல் குழந்தைக்கு எத்துணைப் பெருந்துயர் என்பதை அக்கதை மெல்ல விரித்துக் காட்டி, முடிவிற் தந்தை அப்பலகையைப் பிடுங்கி எறிவதாக அமைகின்றது.

நான்காவதாகிய வறுமைக்கு இத்தொடரில் இடம் மிகக் குறைவு. ஈண்டுத்தான் நாம் தொலைக்காட்சியை விட்டு நம் ஊரை நோக்கவேண்டும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்திற் பெருமழையும், செம்பரம்பாக்கம் ஏரியினின்று திறக்கப்பட்ட நீரும் சேர, அடையாறு கரைபுரண்டது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய இடங்களில் மனைகளுள் வெள்ளம் புகுந்தது. பின்னர் ஆற்றங்கரையில் வாழ்ந்த குடும்பங்கள் பல, நகரின் தென்கோடியிலுள்ள பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. அக்குழந்தைகளின் வாயிலிற் பிடுங்கி எறிதற்குப் பலகை ஒன்றும் இல்லை. எறியத்தக்க உரிமை அவர்தம் தந்தையர்க்கும் இல்லை. பள்ளி மாறிற்று, தோழர் பிரிந்தனர், பாட்டி ஓரிடம், பேரன் ஓரிடம் ஆயினர். அசைவும் வறுமையும் ஒருங்கே வந்துற்ற அழுகை அது. கதையிற் கண்ட வீட்டின் துயரத்திற்கு இரங்கும் நாம், ஆற்றின் மறுகரையில் நிகழ்ந்த துயரத்தை அறியாதிருப்போமாயின், அக்கதையால் நாம் பெற்ற பயன் ஒன்றும் இல்லை.

இனி, குழந்தை அழுங்கால் பெரியோர் செய்யத்தக்கது யாது என்பதை ஆராய்வோம். இதற்கு விடை கூறிய பேராசிரியை ஒருவர் அடையாற்றிலேயே வாழ்ந்தார் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ஆம் ஆண்டு அடையாற்றுப் பிரம்மஞான சபைக்கு வந்து, முந்நூற்றுவர் அளவினராகிய ஆசிரியர்கட்குப் பயிற்சியளித்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரிற் புகுந்தமையால், அவருடைய மகன் மாரியோ பகைநாட்டவர் எனக் காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி விடுவிக்கப்பட்டார். பிரிவுத்துயர் இன்னதென்று அவர் அடையாற்றிலிருந்தே அறிந்தார். 'ஏற்கும் மனம்' என்று தமிழிற் சொல்லத்தக்க பெயருடைய அவருடைய நூல் 1949-இல் அடையாற்றிலேயே பதிப்பிக்கப்பெற்றது.

குழந்தையின் அழுகைக்குக் காரணம் உண்டு. அதனைப் பொறுமையோடு உற்றுநோக்கிக் காண்பதே பெரியோர் கடன் என்பது அம்மையாரின் கொள்கை. அவர் காட்டிய சான்று ஒன்று: விருந்தாக வந்த மாது ஒருத்தி தன் குடையை மேசைமேல் வைத்தாள், அதனைக் கண்ட கைக்குழந்தை ஓயாது அழுதது. குடையை எடுத்துக் கொடுத்தும் ஓயவில்லை. தாய் அதனை மேசையினின்று அகற்றியவுடன் அழுகை நின்றது. பொருள் தனக்குரிய இடத்தில் இல்லாமையே அக்குழந்தைக்குத் துன்பமாயிற்று. நாமோ இத்தகைய அழுகையைப் பிடிவாதம் என்போம். பூச்சாண்டியைக் காட்டி அச்சுறுத்துவோம். ஆண்பிள்ளை அழலாமோ என்று நாணச் செய்வோம். அச்சுறுத்தியவழி அழுகை அடங்கும். அதன் காரணம் அடங்காது.

இத்தொடருக்கு எதிராகக் கூறப்படுவனவும் உள. தொலைக்காட்சி எத்துணை நன்றாயினும் மிகுதல் தகாது. 2 முதல் 4 வயதுடைய பிள்ளைகள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் திரைமுன் அமர்தல் கூடாதென உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியுள்ளது. மேலும், கதையில் வரும் தந்தைக்குப் பெரிய வீடும் விளையாட ஓய்வும் உண்டு. நாள்முழுதும் உழைத்து இரவில் வீடு திரும்பும் தந்தைக்கு அவை எங்கே என்பர். இவ்வினா தகுதியுடையதே. ஆயினும், இருக்கையில் உடன் அமர்தற்கும், பறவையின் சாவை மறைக்காதிருத்தற்கும் செல்வம் வேண்டுவதில்லை. சிறிது நேரம் வேண்டும்; அந்நேரத்தைப் பெறாத உழைப்பாளர்க்கு அதனைப் பெற்றுத்தருதல் சமுதாயத்தின் கடமை.

தமிழ்ச் சிறுவர் காணும் சித்திரத் தொடர்களுட் பல பிறமொழியில் ஆக்கப்பெற்றுத் தமிழிற் குரல் மாற்றப்பெற்றவை. 2007-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்ற சுட்டி டிவி வாயிலாக டோரா முதலியோர் நம் மனைகளுட் புகுந்து தமிழ் பேசினர். அதனால் விளைந்த நன்மையை மறுப்பார் இலர். எனினும், அத்தையும் சித்தப்பாவும் ஆச்சியும் தாத்தாவும் நிறைந்த நம் மனைவாழ்க்கையின் உவகையும் பிணக்கும் நம் மொழியிலேயே எழுந்து சித்திரமாதல் வேண்டும். தால், அம்புலி, சிற்றில் எனக் குழந்தையின் பருவங்களை வகுத்துப் பிள்ளைத்தமிழ் பாடிய நாட்டிற்கு இஃது அரியதொரு செயலன்று. தாம் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்காதே எனச் சிறுமியர் வேண்டும் சிற்றிற் பருவம் ஒன்றே பல கதைகட்கு வித்தாகும்.

எழுத்தும் சித்திரமும் பயிலும் நம் மாணவர்கள் இத்துறையிற் கருத்தைச் செலுத்துவாராக. ஆசிரியராகவும் பெற்றோராகவும் ஆகவிருப்போர், அழும் குழந்தையை அதட்டுமுன், இவ்வழுகை இளிவோ, இழவோ, அசைவோ, வறுமையோ என ஒருமுறை தம்மைத் தாமே வினவுவாராக. விடை உடனே கிட்டாவிடினும், கிட்டுமளவும் அக்குழந்தையின் அருகே அமர்ந்திருத்தல் நம் எல்லோர்க்கும் இயல்வதேயாம்.