உக்கடம் பெரியகுளத்தில் ஒரு பனிக்கால நாள்: அரிய பறவைகளைத் தேடும் முறை

கோவை மாவட்ட விவசாயப் பெருமக்கள் பலர் சந்தைக்கும் கடைகளுக்கும் வந்துபோகும் வழியில் உக்கடம் பேருந்து நிலையத்தில் இறங்குவது வழக்கம். அதன் மேற்கே விரிந்து கிடப்பது பெரியகுளம். நொய்யல் ஆற்று நீரால் நிறையும் இப்பழைய பாசனக் குளத்தின் பரப்பு சுமார் 320 ஏக்கர். இதனை நம்பியிருந்த வயல்கள் வீடுகளாகிவிட்டன. கரையில் நடைபாதை போடப்பட்டுள்ளது. நகரின் கழிவும் வந்து கலக்கிறது. ஆயினும் ஐப்பசி முதல் பங்குனி வரை இமயத்தைக் கடந்து வரும் பறவைகள் இன்னும் இங்கு இறங்குகின்றன. அவற்றுள் எளிதில் கண்ணில் படாதவற்றை ஒரு நாளில் தேடிக் காணும் முறையையும், அவற்றுக்கும் நம் வயலுக்கும் உள்ள தொடர்பையும் இங்குக் காண்போம்.

மார்கழி, தை மாதங்கள் இதற்கு ஏற்றவை. காலை ஆறரை மணிக்குள் கிழக்குக் கரைக்கு வந்துவிட வேண்டும். அங்கு நின்றால் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பே. பைனாகுலர் இருந்தால் நல்லது. வெள்ளை வேட்டி சட்டையுடன் கரைமேல் நிமிர்ந்து நின்றால் வாத்துகள் நூறு கஜம் தள்ளிப் போய்விடும். பழைய காக்கித் துண்டைப் போர்த்திக்கொண்டு ஓரமாக உட்காருவதே மேல்.

ஆழத்தைப் பார்த்துத் தேடுங்கள்

புதிதாக வருபவர்கள் குளம் முழுவதையும் ஒரே பார்வையில் துழாவிவிட்டு, கூழைக்கடாவையும் நீர்க்காகத்தையும் கண்டு திரும்பிவிடுகிறார்கள். மண்ணுக்கேற்ற பயிர் என்பதுபோல, ஆழத்திற்கேற்ற பறவை என்று கொள்ள வேண்டும்.

ஆள் ஆழ நீரில் மூழ்கி இரை பிடிப்பவை முக்குளிப்பானும் நீர்க்காகமும். கூழைக்கடாவும் ஆழ நீரில் நீந்துகிறது. ஆனால் அது மூழ்குவதில்லை. அலகின் கீழுள்ள பையை வலை போல வீசி மீனை அள்ளுகிறது. முழங்கால் அளவு நீரில் தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கி மேய்பவை வாத்துகள். இக்கூட்டத்தில்தான் விருந்தாளிகளைத் தேட வேண்டும். நம் ஊரிலேயே தங்கி முட்டையிடும் புள்ளிமூக்கு வாத்து பெரியது; அலகு நுனியில் மஞ்சள் இருக்கும். அதைவிடச் சிறியதாய், கண்ணுக்கு மேல் வெளிர்க் கோடு தெரிந்தால் அது நீலச்சிறகு வாத்து. கழுத்து நீண்டு வால் கூராக இருந்தால் ஊசிவால் வாத்து. அலகு மண்வெட்டி போல் நுனியில் அகன்றிருந்தால் தட்டைவாயன். மூன்றும் வட ஆசியப் பகுதிகளிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வருபவை.

கணுக்கால் அளவு நீரிலும் ஈரச் சேற்றிலும் நடப்பவை உள்ளான் இனங்கள். பொறி உள்ளான், சிட்டுக்குருவி அளவேயுள்ள கொசு உள்ளான் ஆகியவை சேற்றைக் குத்திப் புழுவையும் பூச்சியின் இளம்பருவங்களையும் எடுக்கின்றன. கொசு உள்ளான் முட்டையிடுவது வடதுருவத்தை ஒட்டிய குளிர்நிலத்தில் என்றால் நம்ப முடிகிறதா?

அரிய பறவை தனியே வந்து நிற்பது குறைவு. முப்பது உள்ளான்கள் மேயும் இடத்தில் ஒன்று மட்டும் காலின் நீளத்திலோ, அலகின் வளைவிலோ, நடையிலோ மாறுபட்டிருக்கும். ஆகவே கூட்டத்தை எண்ணுங்கள். எண்ணும்போது ஒவ்வொன்றாகப் பார்க்க நேர்கிறது. மாறுபட்டது தானே அகப்படும்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. குளத்தை ஒரே சீராக ஆழப்படுத்திக் கரையைச் செங்குத்தாகக் கல்லால் கட்டினால், ஆழநீர்ப் பறவைகளுக்குக் குறைவில்லை. முதலில் போவது கணுக்கால் அளவு நீரும் சேறும். அத்துடன் உள்ளான்களும் போகும். ஆகாயத்தாமரை படர்ந்து மூடினாலும் இதே கதிதான். உங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரும்போது நீர் வந்து சேரும் பக்கத்தைச் சரிவாக விட்டுவிடச் சொல்லுங்கள். கொள்ளளவில் பெரிய இழப்பு நேராது.

மாலையில் மேலே பாருங்கள்

வெயில் ஏறியபின் பறவைகள் ஒதுங்கிவிடும். மாலை நான்கு மணிக்கு மேல் மறுபடி பார்க்கலாம். கோரைக்கு மேலே சிறகை சற்றே உயர்த்தித் தாழ்வாக மிதந்து வருவது சேற்றுப் பூனைப்பருந்து. அது வந்தால் நாமக்கோழிகள் கூட்டமாக நெருங்கிக்கொள்வதைக் கண்டு நீங்களே அறியலாம். இதன் உறவினமான வேறு பூனைப்பருந்துகள் குளத்தை நாடுவதில்லை. காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடு போன்ற திறந்த மேய்ச்சல் நிலங்களே அவற்றுக்கு ஏற்றவை. பகலில் வெட்டுக்கிளியும் எலியும் பிடித்து, இரவில் புல்லிடையே தரையிலேயே தூங்கும்.

சோளப்பட்சியையும் இங்குச் சொல்ல வேண்டும். ரோஜா நிற உடலும் கறுத்த தலையும் கொண்ட இம்மைனா, விளைந்த சோளக்கதிரில் இறங்கினால் நட்டமே. தகர டப்பா தட்டி விரட்டுவதில் தவறில்லை. ஆனால் மத்திய ஆசியாவில் குஞ்சு பொரிக்கும் காலத்தில் இது தின்று தீர்ப்பது வெட்டுக்கிளியை. சீனாவின் சிங்கியாங் பகுதியில் இதற்கெனவே கற்குவியல்கள் அமைத்துக் கூடுகட்ட இடம் கொடுக்கிறார்கள்.

நஞ்சினால் நேர்வது என்ன என்பதற்கு அர்ஜென்டினா சான்று. வட அமெரிக்காவிலிருந்து பனிக்காலத்தில் அங்கு வரும் ஒருவகைப் பருந்துகள் 1995-96ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆயிரக்கணக்கில் வயல்களில் செத்துக் கிடந்தன. வெட்டுக்கிளிக்காக அடிக்கப்பட்ட மானோகுரோட்டோபாஸ் மருந்தே காரணம். மருந்தில் நனைந்த பூச்சியை அவை தின்றன. வெட்டுக்கிளியைத் தின்னும் பறவையே வெட்டுக்கிளி மருந்தில் மடிந்தது. ஆகவே பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டாத பூச்சிக்கு மருந்து அடிக்காதீர்கள். எலி மருந்து வைத்தால் செத்த எலிகளை அன்றன்றே பொறுக்கிப் புதைத்தல் வேண்டும். தரிசுப் புல்லுக்குப் பங்குனிக்கு முன் தீ வைக்க வேண்டாம். கொக்கு, மடையான், வாத்து ஆகியவற்றைக் கண்ணி வைத்துப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

எல்லாப் பறவையும் நமக்கு நன்மையே செய்கிறது என்று கூறவில்லை. நீலத் தாழைக்கோழி நெற்பயிரை மிதித்துக் கெடுக்கும். மயில் படுத்தும் பாடு உங்களுக்கே தெரியும். வேடந்தாங்கல் விவசாயிகளோ எச்சம் கரைந்த ஏரி நீர் வயலுக்கு எருவாவதைக் கண்டு, 1798-லேயே கலெக்டரிடம் பறவைகளுக்குப் பாதுகாப்புக் கேட்டுப் பெற்றனர்.

குறித்து வையுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், நீர் மட்டம், பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அளவு, கால் நிறம், அலகின் வடிவம் போதும்; ஆனைகட்டியிலுள்ள சலீம் அலி பறவையியல் மையத்தினரிடமோ, வனத்துறையினரிடமோ கேட்டு அறியலாம். பெருங்கூட்டமானால் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, மொத்தத்தை மதிப்பிட வேண்டும்.

இவ்வாறு ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் பறவைகளைக் குறித்துவந்த குளங்களுள் ஒன்று திருப்பூர் நஞ்சராயன் குளம். அது 2022-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடைபெறுகிறது. பொங்கல் விடுமுறையிலும் தமிழகமெங்கும் பறவைகளை எண்ணுகிறார்கள். உக்கடத்தில் ஒரு நாள் பழகிக்கொண்டவர், அந்த நாட்களில் தம் ஊர்க் குளக்கரையில் கால் மணி நேரம் உட்கார்ந்து எண்ணினாலே அக்குளமும் கணக்கில் சேர்ந்துவிடும்.