நாடா தொடாத இடுப்பு



முதிய ஸ்திரீகளின் நீரிழிவைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை நேற்று விளக்கு வைத்தபின் எடுத்து, இருமுறை வாசித்தேன். வடசேரிச் சந்தையில் வாழைக்காய் விற்கும் கிழவி, விடியுமுன் கட்டன்சாயா மட்டும் குடித்துவிட்டு வந்து, உச்சிப்பொழுதில் ஆறிப்போன மரச்சீனியைப் பசி தீருமட்டும் உண்பதை நீ வர்ணித்திருக்கும் பத்திக்காகவே உன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். என் ஆயுளில் அப்படி ஒரு பத்தி எனக்கு வாய்க்கவில்லை.

ஆனால் மகளே, எடை, உயரம், வெறும்வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி என்று சகலமும் எழுதிய நீ, அவளுடைய இடுப்பளவை மட்டும் ஏன் எழுதவில்லை? சென்னையில் டாக்டர் மோகனும் அவருடைய சகாக்களும் 2005இல் வெளியிட்ட நீரிழிவு அபாயக் கணிப்பில் வயது, உடலுழைப்பு, பெற்றோரின் நோய் ஆகியவற்றோடு இடுப்பளவும் இடம்பெற்றதும், நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரிலேயே எச்சரிக்கை தொடங்குவதும் நீ அறியாததல்ல. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்தபின், தொடையில் தங்கிய கொழுப்பு வயிற்றுக்குள் குடலைச் சூழ்ந்து சேர்ந்து, அங்கிருந்து நேரே கல்லீரலுக்குச் சென்று இன்சுலினின் ஆணையை மதிக்கவிடாமல் செய்யும் அநியாயத்தைத் தராசு எப்படிச் சொல்லும்?

நான் தொழில் தொடங்கிய காலத்தில், கோயில் நகை செய்யும் ஆசாரி ஒருவரின் மனைவி, குச்சி போன்ற கைகால்களும் 46 கிலோ எடையுமாய் என்னிடம் வந்தபோது, மெலிந்த தேகத்துக்குச் சர்க்கரை வராது என்று திருப்பி அனுப்பிவிட்டேன். நான்கு வருஷம் கழித்து ஆறாத கால்புண்ணோடு வந்தவள், பேச்சுவாக்கில், "கல்யாணத்துக்கு அவுக நூல் வச்சு அளந்து செஞ்ச ஒட்டியாணம், கொக்கி மாட்ட இப்ப நாலு விரல் எட்டல்ல, டாக்டரம்மா" என்றாள். ஆசாரியின் நூலுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்று அன்றிரவு அழுதேன். மறுநாள் ஒரு தையல்காரரிடம் நாடா வாங்கினேன். அது இன்றும் என் மேஜையில் இருக்கிறது.

சேலைக் கொசுவத்தின்மேல் அளக்காதே. அதைத் தளர்த்தி, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் விளிம்புக்கும் நடுவே, அவள் மூச்சை இயல்பாக விட்டு முடிக்கும் கணத்தில் அளக்க வேண்டும்.

இன்னொன்று: "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்ற வரியை அடித்துவிடு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மீந்ததை உண்பவளிடம் என்ன ஒத்துழைப்பை நாம் கேட்கிறோம்?

வாழைக்காய்க்காரியின் அளவை எடுத்து ஒரு கார்டில் எழுதிப் போடு. காத்திருக்கிறேன்.